அப்பா பச்சை என்றார்

பச்சை என்றார். கையை உயர்த்தி, உள்ளங்கையை முன்னால் நீட்டி, நிஜ எஞ்சினில் உட்கார்ந்து சொல்வதைப் போலவே சொன்னார், பச்சை. எரிந்துகொண்டிருந்தது சிவப்பு. எனக்குத் தெரியாதா, சிக்னல் பெட்டி என் மடியில்தானே இருக்கிறது, பழைய சோப்பு டப்பாவில் மூன்று சுவிட்ச், என் பெருவிரல் சிவப்பு சுவிட்சின் மேல். சும்மா ஒரு வேடிக்கைக்குத்தான் செய்தேன். அவருடைய உதவி டிரைவர் அவ்தேஷின் குரலை எடுத்து, மூக்கில் பாதியும் தொண்டையில் பாதியுமாக, "ஹோம் பச்சே சார்" என்றேன், சிவப்பை எரியவிட்டுக்கொண்டே. ஹோம் என்றால் ஸ்டேஷனுக்குள் நுழைய விடுகிற சிக்னல். அவர் என்ன சொல்வார் என்று எனக்கு முன்கூட்டியே கேட்டுவிட்டது. "டேய் அவ்தேஷு, கண்ண ரூம்லயே கழட்டி வச்சிட்டு வந்துட்டியாடா" என்பார், நான் "சாரி சார், சாரி சார்" என்று இழுப்பேன், அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார், சிரித்தால் இருமல் வரும், இருமினால் சமையலறையிலிருந்து அம்மா கத்துவாள். எல்லாம் மனதுக்குள் வரிசையாக ஓடி முடிந்துவிட்டது. நடந்தது வேறு. அவர் பச்சை என்றார், பொம்மை ரயில் சிவப்பைத் தாண்டிப் போய்க் கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிட்டது. கட்டிலுக்கு அடிதான் எங்கள் சுரங்கம். உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வருகிறது, தீப்பெட்டிக்குள் பொன்வண்டு சுரண்டுவதைப் போல. நான் விரலை எடுக்கவில்லை. எடுத்தால் நான் பார்த்தது பொய்யாகிவிடும் போல இருக்கிறது. பொய்யாகிவிட்டால் நல்லதுதானே, எடு. எடுக்க வரவில்லை.

அவரும் விளையாடியிருப்பார். அதுதான். எனக்கு அப்பா அல்லவா, என்னைவிடக் கில்லாடி, முகத்தை மாற்றாமல் ஆளைக் கவிழ்ப்பார். டூர் வருகிற இடத்துக்கு ரயிலைக் கட்டிக்கொண்டு வருகிற மனுஷன். வேறு யாராவது என்றால்கூடப் பரவாயில்லை, வேலையே ரயில் ஓட்டுவது, ஈரோட்டிலிருந்து ஜோலார்பேட்டை, ஜோலார்பேட்டையிலிருந்து ஈரோடு, வீட்டுக்கு வந்தால் தரையில் உட்கார்ந்து அதையே சின்னதாக ஓட்டுவது. அம்மா ஏற்காட்டைத் தேர்ந்தெடுத்ததே இங்கே தண்டவாளம் கிடையாது என்பதற்காகத்தான். "ஊட்டி வேணாம்டி, அங்க ரயில் இருக்கு, இந்த மனுஷன் ஸ்டேஷன்லயே பாய விரிச்சிருவாரு" என்றாள். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். இந்தக் காபித் தோட்டத்து வாடகை வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால், ஸ்வெட்டர் இருக்க வேண்டிய இடத்தில் துண்டில் சுருட்டிய தண்டவாளம். "ஏங்க, லாரி டிரைவர்லாம் டூர் போனா லாரி பொம்மையத் தூக்கிட்டா போறாங்க" என்று அம்மா கேட்டாள். "அவங்களுக்கு லாரி பிடிக்காது ஃப்ளோரா" என்றார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சடையன் அண்ணன் விறகுக் கட்டோடு வாசலில் நின்று, "பாப்பா, நெசமாலுமே ஓடுமா இது" என்று கேட்டதைக்கூட நான் அன்றைக்கே குரல் பிடித்துவிட்டேன், அடித்தொண்டையில் கொஞ்சம் புகை, கடைசியில் ஒரு இழுப்பு. எல்லோரும் சிரித்தோம். கல்யாணப் பத்திரிகை அட்டையில் அப்பா செய்த நீலப் பெட்டிகள், யாரோ சென்னைக்காரரிடம் பழையதாக வாங்கிய எஞ்சின், பேனா ரீஃபிலில் சீரியல் பல்பு கோத்துச் செய்த சிக்னல் கம்பம். ஸ்டேஷனைக் கொண்டுவரவில்லை. பாலத்தைக் கொண்டுவரவில்லை. போன லீவில் ஒரு மாதம் உட்கார்ந்து பஞ்சில் மரம் செய்தாரே, அதில் ஒன்றைக்கூடக் கொண்டுவரவில்லை. சிக்னலை மட்டும் கொண்டுவந்தார். இதை நான் ஏன் இப்போது யோசிக்கிறேன். பெட்டியில் இடமில்லை, அவ்வளவுதான். ரயில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வெளியே வருகிறது, ஜன்னலோரம் திரும்புகிறது, ஜன்னலுக்கு வெளியே பனி, மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் சமையலறை எண்ணெய்ச் சத்தமும் கலந்து எது எது என்றே தெரியவில்லை. பஜ்ஜி போடுகிறாள்.

இது எங்கள் வீட்டு விளையாட்டு இல்லை, எஞ்சினில் நிஜமாகவே அப்படித்தான். ஒவ்வொரு சிக்னலையும் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் முதலில் பார்க்கிறாரோ அவர் கையைத் தூக்கிச் சொல்வார், மற்றவர் தன் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்வார். பார்த்துவிட்டு, அதுதான் முக்கியம். கேட்டுவிட்டு அல்ல. நான் நாலாவது படிக்கும்போதே எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார், ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துப் போகும்போது பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில் நான் கத்த வேண்டும், சிவப்பு, அவர் பின்னாலிருந்து சொல்வார், சிவப்பு. பக்கத்து பைக்குக்காரர்கள் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதைப் போலப் பார்ப்பார்கள். "ரெண்டு பேரும் வேற வேற சொன்னா என்னப்பா பண்றது" என்று ஒரு தடவை கேட்டேன். "எது மோசமோ அதுதான் சிக்னல். நிறுத்திரணும். யாரு சரின்னு நின்னுக்கிட்டு சண்ட போட்டுக்கலாம், ஓடிக்கிட்டு போடக்கூடாது" என்றார். அப்படிப்பட்டவர். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்கிறவரா. நான் சொன்னதைத்தான் சொன்னாரா. என் வாயிலிருந்து வந்த பச்சையை எடுத்துத் தன் வாயால் எனக்கே திருப்பிக் கொடுத்தாரா. வேண்டாம். யோசிக்காதே. இதோ வருகிறது, இந்தச் சுற்று நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சிவப்பை அப்படியே வைத்திருக்கிறேன். வாயை மூடிக்கொள். வாய் ஏதோ ஒரு குரலைத் தேடுகிறது, அனவுன்ஸ்மெண்ட் அம்மாவுடையதோ, கணக்கு சாருடையதோ, சும்மா இருக்கத் தெரியாத வாய். அப்பா கதவுப் பக்கம் கண்ட்ரோலோடு உட்கார்ந்திருக்கிறார். கம்பத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார். காத்திருக்கிறார். நான் இருமுகிறேன். ரயில் நெருங்குகிறது. அவர் மெதுவாக உடம்பை முன்னால் வளைக்கிறார், கழுத்தை நீட்டுகிறார், கம்பத்துக்கு ஒரு முழம் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், "சிவப்பு" என்கிறார். குமிழைத் திருப்புகிறார். ரயில் நிற்கிறது.

அப்பாடா. என் நெஞ்சின் மேலிருந்து யாரோ சாக்குமூட்டையை இறக்கிவைத்தார்கள். "தயவுசெய்து கவனிக்கவும்" என்று மூக்கிலிருந்து ஆரம்பித்து, "வண்டி எண் ஒன்று, கட்டிலிலிருந்து பீரோ வரை செல்லும் பஜ்ஜி எக்ஸ்பிரஸ், எண்ணெய் காயாத காரணத்தால் தாமதமாகப் புறப்படும்" என்று முழங்குகிறேன். அப்பா சிரிக்கிறார். அம்மா உள்ளேயிருந்து, "உனக்கு ஒண்ணுகூடக் கிடையாதுடி" என்கிறாள். பார், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, நீதான் லூசு. பச்சை போட்டேன், அவரும் எட்டிப் பார்த்துப் பச்சை என்றார், ரயில் கிளம்பியது. சரியாகத்தான். சரி. ஆனால் ஏன் எட்டிப் பார்த்தார். பல்பு எரிகிறது, இந்தப் பனிமூட்டத்து இருட்டறையில் சுவரே சிவக்கிற அளவுக்கு எரிகிறது, அறையின் எந்த மூலையிலிருந்தும் தெரியும், எனக்குத் தெரிகிறது, ஒரு முழம் கிட்டே போய் என்ன பார்த்தார். எந்த பல்பு என்று பார்த்தார். மேலே பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. நிறத்தைப் பார்க்கவில்லை, இடத்தைப் பார்த்தார். இல்லை. ஆமாம். இல்லை. நேற்று மார்க்கெட்டில் ஆரஞ்சு வாங்கினார், பழுத்ததாகப் பார்த்து எடுக்கிறேன் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பை நிறைய வாங்கி வந்தார், அத்தனையும் பச்சைக் காய். "கண்ண எங்கங்க வச்சிருந்தீங்க" என்று அம்மா கேட்டாள். நான் உடனே பழக்காரம்மா குரலில், "சாரு ஊறுகாய்க்கு வாங்குறாருங்க" என்றேன், அவர் முதலில் சிரித்தார், எங்களைவிட அதிகமாகச் சிரித்தார். நான்தான் அவரைக் காப்பாற்றிவிட்டேன் போலிருக்கிறது. தெரியாமலே. என் குரலுக்குப் பின்னால் அவர் நுழைந்துகொண்டார்.

அந்த டாக்டரம்மா சொன்னார்கள். அவர்கள் குரலும் என்னிடம் இருக்கிறது, வேகமான, தூக்கம் கெட்ட குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் பேனா மூடியைத் திறந்து மூடுகிற சத்தம். அப்பாவுக்கு நுரையீரலில் டிபி என்று தெரிந்த அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். காலனியில் நிமோனியா என்று சொல்லிவைத்திருக்கிறோம். "இந்த மாத்திரையில ஒண்ணு சில பேருக்குக் கண்ணு நரம்பைத் தொடும். பார்வை மங்குனாலோ, சிவப்பு பச்சை குழம்புனாலோ, அன்னைக்கே வந்து சொல்லணும். உடனே நிறுத்திட்டா பெரும்பாலும் திரும்பிரும். தள்ளிப்போட்டா திரும்பாமலே போயிரலாம். நீங்க ட்ரெயின் ஓட்டுறவரு, உங்களுக்கு நான் ரெண்டு தடவ சொல்றேன்" என்று இரண்டு தடவை சொன்னார்கள். நான் அதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதே குரலில் செய்து காட்டினேன், பேனா மூடியோடு. அம்மா அழுதுகொண்டிருந்தவள் சிரித்தாள். எல்லாரும் சிரித்துவிட்டதால் யாருக்கும் நினைவில்லை. சிரிப்புக்காக வைத்துக்கொண்ட எனக்கு மட்டும் ஒரு சொல் பிசகாமல் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை அவருக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் ஃபிட் சர்டிபிகேட் பார்க்கிற நாள், தேறினால் மறுபடி எஞ்சின், தேறாவிட்டால் ஆபீஸில் நாற்காலி. நாற்காலி என்று சொல்லும்போதே முகத்தைச் சுளிப்பார், ஏதோ கெட்ட வார்த்தையைப் போல. இந்த ஒரு மாதமாகச் சவரம் செய்யும்போது எண்கள் முணுமுணுக்கிறார். நான் அதையும் பிடித்துவிட்டேன், வாயில் நுரையோடு சொல்வதைப் போல. "என்னப்பா, லாட்டரியா" என்று கேட்டதற்கு "ரேக் நம்பர்டி" என்றார். ரேக் என்றால் ரயிலின் பெட்டித் தொடர், அந்த நம்பர் இல்லை இது. வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்குமே, கண் டெஸ்ட்டில் காட்டுவார்களே ஒரு புத்தகம், அந்த எண்கள். பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்கிறார். எப்படித் தெரியும் என்று கேட்காதே, இப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் ஸ்டேஷன் வரவில்லை. அதனால்தான் மரம் வரவில்லை. டூருக்கு ரயில் வரவில்லை, சிக்னல் வந்திருக்கிறது, பழகிக்கொள்ள. ஆனால் அப்பா, இது ஒரு முழம். பொம்மிடி ஸ்டேஷன் தாண்டி மழையில் வளைவு திரும்பும்போது உங்களுக்குத் தெரியப்போவது தூரத்தில் ஒரு புள்ளி, புள்ளிக்கு மேல் ஏது, கீழ் ஏது. பின்னால் பெட்டி பெட்டியாக ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இதெல்லாம் நானாகக் கட்டுகிற கதையாகவும் இருக்கலாம். கதை கட்டுவதுதானே என் பிழைப்பு.

ரயில் ஜன்னலோரத்தில் விக்கி விக்கி நிற்கிறது. "பனி இறங்கிருச்சு ரெயில்ல" என்று அப்பா எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "துடைக்கணும்" என்று சமையலறைக்குப் போகிறார். "ஃப்ளோரா, நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி இருக்கா." "எதுக்கு." "தண்டவாளம் துடைக்க." "என் நகத்துக்கே ஒரு சொட்டுதான் இருக்கு, உங்க தண்டவாளத்தக் குளிப்பாட்டணுமா." "ஒரு சொட்டு போதும்." "இந்தாங்க, பஜ்ஜிய ஊதிச் சாப்புடுங்க, நாக்கு வெந்திரும்." அவள் குரலில் கோபம் இல்லை, மாதக்கணக்குக்குப் பிறகு இந்த வீட்டில்தான் அவள் குரலில் எண்ணெய் ஏறியிருக்கிறது, அதைப் போய்ப் பிடுங்கப்போகிறாயா. நான் கம்பத்தின் மேல் பல்பைக் கம்பியோடு உருவுகிறேன். கீழ் பல்பை உருவுகிறேன். எரியாதபோது இரண்டும் ஒரே மாதிரி, உப்புக்கல் மாதிரி வெள்ளை. மேலதைக் கீழே, கீழதை மேலே சொருகிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். இது குறும்பு என்று என் கைக்குத் தோன்றுகிறது, ஸ்டாஃப் ரூம் சுவிட்ச்போர்டில் ஃபேனையும் லைட்டையும் மாற்றிவிட்ட அதே கை, அதே சுறுசுறுப்பு. யேசப்பா, அவர் சரியாகச் சொல்லிவிட வேண்டும். மேலே எரிவது சிவப்புதான் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லி, ஏண்டி கழுதை, பல்பை மாத்திட்டியா என்று என் காதைத் திருக வேண்டும். அப்படித் திருகினால் இனி ஒருவர் குரலையும் எடுக்க மாட்டேன். பொய், எடுப்பேன், ஆனால் திருகட்டும். அவர் வந்து துடைக்கிறார், பொறுமையாக, வளைவுகளில் இரண்டு தடவை, வாயில் பஜ்ஜியோடு. உட்காருகிறார். குமிழைத் திருப்புகிறார். வண்டி கட்டிலுக்கு அடியில் போகிறது. நான் சிவப்பை அழுத்துகிறேன். கம்பத்தின் உச்சியில், பச்சை இருக்க வேண்டிய இடத்தில், சிவப்பு எரிகிறது, அப்பாவின் வெள்ளைப் பனியன் தோளில்கூட அதன் சாயம் படிகிறது, யாருக்கும் தெரியும், பக்கத்துத் தோட்டத்து நாய்க்கும் தெரியும். "சொல்லு அவ்தேஷு" என்கிறார். நான் சொல்லவில்லை. அவர் எட்டிப் பார்க்கிறார். உச்சி பல்பைப் பார்க்கிறார், கீழ் பல்பைப் பார்க்கிறார். திருப்தியாகச் சாய்ந்துகொண்டு கையை உயர்த்துகிறார். "பச்சை."

"சிவப்புப்பா." யாருடைய குரல் இது, ஒல்லியாக, ஓரத்தில் கிழிந்து. "சும்மா இரு" என்கிறார், சிரித்தபடி. "சிவப்பு" என்கிறேன் மறுபடி. அவர் என்னை நம்பவில்லை, முகத்தில் தெரிகிறது, ஆனால் அவர் முடிவு செய்வதற்குள் அவருடைய கை முடிவு செய்துவிட்டது, குமிழ் பூஜ்யத்துக்குத் திரும்பி வண்டி கம்பத்துக்கு முன்னால் நிற்கிறது. கையை அவரே பார்த்துக்கொள்கிறார். "பல்ப மாத்தி வச்சேன். மேல இருக்கறதுதான் சிவப்பு." மழை. எண்ணெய். "விளையாட்டுக்கா" என்று கேட்கிறார், மெதுவாக, கதவைக் கொஞ்சமாகத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பவரைப் போல. ஆமாம் என்றால் போதும், அந்தக் கதவு வழியாக இரண்டு பேரும் வெளியே போய் பஜ்ஜி சாப்பிடலாம். "இல்லப்பா." "ம்." "எப்பலேர்ந்துப்பா." "ஈஸ்டருக்கு முன்னாடி. முதல்ல அழுக்கா தெரிஞ்சுது, அப்புறம் ரெண்டும் ஒரே மண்ணு கலரு." "டாக்டரம்மா சொன்னாங்களே." "மாத்திரை முடியப்போகுது பெனி. முடிஞ்சா சரியாயிரும்." "முடியறதுக்குள்ள கண்ணு போயிருச்சுன்னா." அவர் கண்ட்ரோலைத் தரையில் வைக்கிறார். "திங்கட்கிழம பாஸாயிட்டா ஓட்டப்போறீங்களா." "அவ்தேஷ் இருக்கான்ல" என்கிறார், "அவனுக்குக் கழுகுக் கண்ணு, அவன் சொல்லுவான்." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டதைப் போல, வாயைத் துடைத்துக்கொள்கிறார். அவ்தேஷ் தும்மினால். அவ்தேஷ் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தால். அவ்தேஷின் குரலில் நான் சொன்னாலே போதுமாக இருந்ததே அப்பா உங்களுக்கு.

"அம்மா" என்று கூப்பிடுகிறேன். "என்னடி." "இங்க வாயேன்." "வாழைக்கா கருகிரும், நீ வா." "அம்மா, அப்பாவுக்குக் கலர் தெரியல. சிக்னல் கலர் தெரியல." சமையலறையிலிருந்து சிரிப்பு. "இது யாரு குரல், அந்த டாக்டரம்மாவா, முன்ன நல்லா செஞ்சியே, இப்ப அழுமூஞ்சியா இருக்கு." "இல்லம்மா, நிஜமா." "போடி, நேத்து அப்படித்தான் பாத்ரூம்ல பாம்புன்ன." நான் அப்பாவைப் பார்க்கிறேன். அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், இது என்னுடைய இன்னொரு சேட்டையாகிவிடும், திங்கட்கிழமை வரும், எண்களைச் சொல்வார், போய்விடுவார். அவருக்கும் அது தெரிகிறது. தெரிவதை நான் பார்க்கிறேன். நின்ற வண்டியின் கடைசிப் பெட்டியை ஒரு விரலால் தொட்டு நேராக்குகிறார், அது நேராகத்தான் இருந்தது. இன்னொரு முறை நேராக்குகிறார். அவரைப் போல நான் பேச முடியும், இருமல் உட்பட, இப்போதே அவர் குரலில் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட முடியும், வாய்வரை வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்குகிறேன், அது என்னுடையது இல்லை. "ஃப்ளோரா" என்கிறார் அப்பா, அவ்வளவு சத்தமாகக்கூட இல்லை. "வா. அவ விளையாடல." மழை கேட்கிறது, தகரத்தில், தோட்டத்தில், பனிக்குள் எங்கேயோ. உள்ளே அடுப்பை அணைக்கிற சத்தம்.